ப்ளூ பேட்ஜ் விண்ணப்பத்தை கவுன்சில் நிராகரித்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடப்பதில் சிரமம் உள்ளவர்கள் போகும் இடத்துக்கு அருகில் வாகனத்தை நிறுத்த உதவும் அனுமதி அட்டைதான் ப்ளூ பேட்ஜ். இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்தில் உள்ள கவுன்சில்களுக்குப் பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து பற்றிக் கடைசியில் சில வரிகள் இருக்கின்றன. உங்களுக்காகவோ, பெற்றோருக்காகவோ, பிள்ளைக்காகவோ விண்ணப்பித்து "தகுதி இல்லை" என்று கடிதம் வந்திருந்தால் அதை அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நிராகரிப்பை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் அப்பீல் செய்ய முடியுமா?

முடியாது. பிஐபி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனிநபர் உதவித்தொகை) போன்றவற்றுக்குத் தீர்ப்பாயம் உண்டு, ப்ளூ பேட்ஜுக்குக் கிடையாது. உடல்நிலை அடிப்படையில் தகுதி இல்லை என்று கவுன்சில் முடிவெடுத்தால், அதே கவுன்சிலிடம் மறுபரிசீலனை கேட்பதுதான் வழி. போக்குவரத்துத் துறைக்கு எழுதினாலும் கவுன்சிலிடம் போகச் சொல்வார்கள். நாட்பட்ட நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள் பற்றிய 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவும் அதன் கீழ் 2000இல் வந்த விதிமுறைகளும் முடிவெடுக்கும் பொறுப்பை உள்ளூர் கவுன்சிலிடம் கொடுத்திருக்கின்றன. பேட்ஜைத் தவறாகப் பயன்படுத்தியதாகச் சொல்லி மறுக்கும்போது மட்டும் அமைச்சரிடம் முறையிடும் தனி வழி உண்டு. அது இங்கே பேசும் விஷயம் அல்ல.

தீர்ப்பாயம் இல்லையே என்று சோர்ந்துவிட வேண்டாம். நிராகரிப்புகளில் பல, ஆளுக்குத் தகுதி இல்லாததால் வந்தவை அல்ல. விண்ணப்பத்தாளில் நோயைப் பற்றி எழுதிவிட்டு, நடப்பதைப் பற்றி எழுதாமல் விட்டதால் வந்தவை. மறுபரிசீலனையில் சரிசெய்யக்கூடிய குறை அது.

கடிதம் வந்ததும் முதல் வேலை என்ன?

காரணம் எழுதியிருக்கும் பத்தியைத் தேடுங்கள். பொதுவாக இவற்றில் ஒன்றாக இருக்கும்: நீங்கள் அனுப்பிய உதவித்தொகைக் கடிதத்தால் நேரடித் தகுதி (மதிப்பீடு இல்லாமலே கிடைக்கும் தகுதி) கிடைக்கவில்லை, நடப்பதில் "மிகக் கணிசமான சிரமம்" இருப்பதாகத் தெரியவில்லை, பாதிப்பு நீடிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, கேட்ட தாள்கள் வரவில்லை. நான்குக்கும் பதில் வேறு வேறு. தாள் வராததற்காக மறுத்திருந்தால், விடுபட்ட தாளைக் கொடுத்தாலே போதும். அதற்கு நாலு பக்கம் வாதம் எழுதுவது வீண்.

காரணத்தை எழுத்தில் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று அரசு வழிகாட்டுதல் கவுன்சில்களுக்குச் சொல்கிறது. "நீங்கள் தகுதி வரம்பை எட்டவில்லை" என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால், எந்த வரம்பு, எந்த ஆதாரத்தைப் பார்த்தார்கள், யார் மதிப்பிட்டார் என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

நேரிலோ தொலைபேசியிலோ அசெஸ்மெண்ட் (மதிப்பீடு) நடந்திருந்தால் அந்த அறிக்கையின் நகலையும் கேளுங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அது உங்கள் உரிமை. கட்டணம் இல்லை, சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். இந்த அறிக்கை கையில் இல்லாமல் மறுபரிசீலனை எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதுவது. "80 மீட்டர் நிற்காமல் நடந்தார்" என்று அதில் இருக்கலாம், நீங்கள் நடந்ததோ அதில் பாதி தூரமாக, நடுவே சுவரைப் பிடித்து நின்றதாக இருக்கலாம். அந்த ஒரு வரியைத்தான் மறுக்க வேண்டும்.

எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும்?

இங்கிலாந்து முழுமைக்கும் ஒரே காலக்கெடு இல்லை. கடிதத்திலேயே போட்டிருப்பார்கள்; 28 நாள் என்று இருப்பது வழக்கம். அசெஸ்மெண்ட் அறிக்கை கைக்கு வர அதைவிட நாளாகலாம். அதனால் முதல் வாரத்திலேயே இரண்டு வரியில் "முடிவை மறுபரிசீலனை செய்யக் கோருகிறேன், விரிவான காரணங்களும் ஆதாரமும் பின்னால் வரும்" என்று எழுதிப் போட்டுவிடுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் தேதியுடன் சாட்சி இருக்கும். தொலைபேசியில் சொன்னதை மட்டும் நம்பாதீர்கள்.

பிஐபி வாங்குகிறேன். பிறகு ஏன் மறுத்தார்கள்?

அதிகம் குழப்பும் இடம் இதுதான். பிஐபி வாங்குவதோ, அதில் உயர் விகிதம் வாங்குவதோ முக்கியமல்ல. நடமாட்டப் பகுதியில் எந்தக் கேள்விக்கு எத்தனை புள்ளி வந்தது என்பதுதான் கணக்கு.

நடமாட்டப் பகுதியில் இரண்டு கேள்விகள். "நடந்து நகர்தல்" என்ற கேள்வியில் 8 புள்ளியோ அதற்கு மேலோ இருந்தால் நேரடித் தகுதி. 8 புள்ளி என்றால் 50 மீட்டருக்கு மேல் நடக்க முடியாதவர் என்று பொருள். "பயணத்தைத் திட்டமிட்டுச் செல்லுதல்" என்ற கேள்வியில் ஒரே ஒரு வாசகத்துக்கு மட்டும் நேரடித் தகுதி உண்டு: தாங்க முடியாத மன உளைச்சல் ஏற்படும் என்பதால் எந்தப் பயணமும் மேற்கொள்ள முடியாது என்ற ஈ (E) பிரிவு, 10 புள்ளி.

அதே கேள்வியில் டி பிரிவுக்கும் 10 புள்ளிதான், ஆனால் அது செல்லாது. பழகிய வழியில்கூடத் துணையில்லாமல் போக முடியாது என்ற எஃப் பிரிவுக்கு 12 புள்ளி, உயர் விகிதப் பணமும் கிடைக்கும். அதுவும் நேரடித் தகுதி தராது. 12 வாங்கியவருக்கு இல்லை, 10 வாங்கியவருக்கு உண்டு என்பது விசித்திரமாகத் தெரியலாம், ஆனால் விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மறுபரிசீலனையில் இதோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. நேரடித் தகுதி இல்லையென்றால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமல்ல, மதிப்பீட்டின் மூலம் தகுதி பெறலாம். "நேரடித் தகுதி இல்லை என்பதை ஏற்கிறேன், மதிப்பீட்டு வழியில் பரிசீலியுங்கள்" என்று எழுதுங்கள். அந்த வழியைப் பார்க்காமலே மறுத்திருந்தால் அது கவுன்சிலின் பிழை.

மறுபக்கமும் உண்டு. நடந்து நகர்தலில் 8 வாங்கி, சாதாரண விகிதப் பணம் மட்டும் பெறுபவர் நேரடித் தகுதி உள்ளவர். தனக்குக் கிடைக்காது என்று நினைத்து இவர் விண்ணப்பிக்காமலே இருப்பார்.

இன்னொரு சில்லறைத் தவறு: கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் படமெடுத்து ஏற்றுவது. அதில் தொகைதான் இருக்கும். புள்ளிகள் உள்ளே இருக்கும். எல்லாப் பக்கங்களையும் அனுப்புங்கள்.

நேரடித் தகுதி வேறு யாருக்கு உண்டு?

டிஎல்ஏ என்ற மாற்றுத்திறனாளி உதவித்தொகையில் நடமாட்டத்துக்கான உயர் விகிதம் பெறுபவர்கள் (குறைந்த விகிதம் போதாது), கடுமையான பார்வை இழப்புடையவராகப் பதிவு செய்தவர்கள், போர் ஓய்வூதியர்களுக்கான நடமாட்டக் கூடுதல் தொகை பெறுபவர்கள், ஆயுதப்படை இழப்பீட்டுத் திட்டத்தில் குறிப்பிட்ட நிலைகளில் உள்ளவர்கள்.

அம்மாவுக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் கிடைக்கிறது. அது போதாதா?

போதாது. அந்த உதவித்தொகை பராமரிப்புத் தேவைக்கானது, அதில் நடமாட்டப் பகுதியே இல்லை. பென்சன் வயதைத் தாண்டியவர்கள் பிஐபிக்குப் புதிதாக விண்ணப்பிக்கவும் முடியாது. அதனால் வயதானவர்களில் பெரும்பாலோர் மதிப்பீட்டு வழியில்தான் வர வேண்டியிருக்கிறது. ஆனாலும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் படிவத்தின் நகல் இருந்தால் எடுத்துப் பாருங்கள். வீட்டுக்குள் நடப்பது, விழுவது பற்றி அதில் எழுதியவை துணை ஆதாரமாகப் பயன்படும்.

மதிப்பீட்டில் எதைப் பார்க்கிறார்கள்?

நோயின் பெயரை அல்ல. ஆஸ்துமா, குரோன்ஸ் (குடல் அழற்சி நோய்), எம்ஈ (நாட்பட்ட களைப்பு நோய்) போன்றவை இருப்பதாலேயே பேட்ஜ் கிடைக்காது. மூட்டுத் தேய்மானமும் இதய நோயும் அப்படித்தான். அவற்றால் நடக்க முடியவில்லையா, அல்லது நடக்கும்போது மிகக் கணிசமான சிரமம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2019 ஆகஸ்ட் 30 முதல் அந்தச் சிரமத்தில் கடுமையான மன உளைச்சலும் அடங்கும். நடக்கும்போது தனக்கோ பிறருக்கோ பெரும் தீங்கு ஏற்படும் அபாயமும் கணக்கில் வரும்.

உடல் சார்ந்த சிரமத்துக்கு மதிப்பீட்டாளர்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஏறக்குறைய இது. மொத்தத்தில் 30 மீட்டர்கூட நடக்க முடியாதவரை மிகக் கணிசமான சிரமம் உள்ளவராகக் கொள்ளலாம். 30க்கும் 80க்கும் இடையே நடப்பவர் என்றால் மற்ற காரணிகளைச் சேர்த்துப் பார்ப்பார்கள்: வலி, மூச்சிரைப்பு, வேகம், நடை எப்படி இருக்கிறது, எத்தனை முறை நிற்கிறார், எந்தத் துணைக்கருவி. 80 மீட்டருக்கு மேல் நடந்து, வேறு சிரமமும் தெரியவில்லை என்றால் கிடைப்பது கடினம். வேகத்தில், நிற்கும் நேரத்தையும் சேர்த்து நிமிடத்துக்கு 40 மீட்டருக்கும் குறைவாக நடப்பது மிக மெதுவான நடை.

நடப்பதே உயிருக்கு ஆபத்தாகலாம், அல்லது உடல்நிலையைக் கடுமையாகக் கெடுக்கலாம் என்று சிறப்பு மருத்துவர் எழுதியிருந்தால் தூரக் கணக்கு பின்னுக்குப் போய்விடும். அப்படிக் கடிதம் இருப்பவர்கள் அதை முதல் இணைப்பாக வையுங்கள்.

தூரத்தை மனக்கணக்காகச் சொல்லாதீர்கள். "10 மீட்டர்தான் நடப்பேன்" என்று படிவத்தில் எழுதிவிட்டு, காத்திருப்பு அறையிலிருந்து அசெஸ்மெண்ட் அறைக்கு 25 மீட்டர் நடந்து போனால் மற்ற எதையும் நம்ப மாட்டார்கள். மீட்டர் எவ்வளவு என்று பலருக்கும் பிடிபடுவதில்லை. லண்டன் டபுள் டெக்கர் பஸ் ஒன்றின் நீளம் சுமார் 11 மீட்டர், மூன்று பஸ் வரிசையாக நின்றால் 30 மீட்டரைத் தாண்டும். கைபேசி வரைபடத்தில் வாசலிலிருந்து தெருமுனை வரை அளந்துகொள்வது இன்னும் நல்லது.

மறுபரிசீலனைக் கடிதத்தை எப்படி எழுதுவது?

ஆங்கிலத்தில், ஒன்றரைப் பக்கத்துக்குள். மேலே பெயர், முகவரி, விண்ணப்ப எண், நிராகரித்த கடிதத்தின் தேதி. அடுத்து, அவர்கள் சொன்ன காரணத்தை அவர்கள் வார்த்தையிலேயே எடுத்துப் போட்டு, அதற்குக் கீழே பதில். காரணம் இரண்டென்றால் பதிலும் இரண்டு. கெஞ்ச வேண்டாம், திட்டவும் வேண்டாம். படிப்பவர் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்க்கிறார், அவருக்குத் தேவையானது தூரம், நேரம், பின்விளைவு.

பலர் எழுதுவது இப்படி இருக்கும்:

"எனக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், முதுகிலும் பிரச்சினை. நடப்பது மிகவும் கஷ்டம். கடைக்குப் போக மகனை நம்பியிருக்கிறேன். தயவுசெய்து உதவுங்கள்."

ஒரு வார்த்தையும் பொய்யில்லை. ஆனால் இதை வைத்து எந்த அதிகாரியும் எந்தப் பெட்டியிலும் குறி போட முடியாது. அதே ஆள் இப்படி எழுதலாம்:

"கைத்தடியுடன் வாசலிலிருந்து தபால் பெட்டி வரை நடக்கிறேன். வரைபடத்தில் அளந்தபடி 45 மீட்டர். இடையில் இரண்டு முறை மதிலைப் பிடித்து நிற்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்கு மேல். போய்ச் சேர 4 நிமிடம் ஆகிறது. இடது முழங்கால் திடீரென்று மடங்குகிறது. மார்ச்சிலிருந்து மூன்று முறை விழுந்திருக்கிறேன், ஒருமுறை அவசரப் பிரிவுக்குப் போன தாள் இணைப்பு 2. திரும்பி வந்தபின் அரை மணி நேரமாவது காலை நீட்டிப் படுக்கிறேன், அன்று மறுபடி வெளியே போவதில்லை. வாரத்தில் ஐந்து நாள் இப்படி. மற்ற இரண்டு நாளில் நிற்பது ஒரு முறை, தூரம் அதேதான்."

இரண்டாவதில் ஒரு சிறு விஷயத்தைக் கவனியுங்கள். நல்ல நாளையும் அவர் மறைக்கவில்லை. "எப்போதும் இப்படித்தான்" என்று எழுதுபவரைவிட, ஏற்ற இறக்கத்தைக் கணக்கோடு சொல்பவரை நம்புவது எளிது.

வாகனம் அருகில் நின்றால் என்ன மாறும் என்று ஒரு பத்தி சேருங்கள். கதவை முழுக்கத் திறந்தால்தான் காலை வெளியே வைக்க முடியும் என்பது உண்மையான சிரமம்தான், ஆனால் அது அகலமான இடத்துக்கான காரணம். நடப்பதில் சிரமம் என்பதே தகுதிக்கான அடிப்படை என்பதால் அதை முன்னால் வையுங்கள்.

என்ன ஆதாரம் இணைக்க வேண்டும்? ஜிபியிடம் கடிதம் வாங்கலாமா?

உங்கள் ஜிபி (குடும்ப மருத்துவர்) தகுதியை முடிவு செய்ய முடியாது. சிகிச்சை தரும் மருத்துவர் தன் நோயாளிக்கு இல்லை என்று சொல்லத் தயங்குவார் என்பதால், மதிப்பீடு அவரிடமிருந்து விலகியிருக்க வேண்டும் என்றுதான் அரசு சொல்கிறது. ஜிபி கடிதத்துக்குப் பணமும் கேட்கலாம். "இவருக்கு மூட்டு நோய் உள்ளது, ப்ளூ பேட்ஜ் கொடுத்தால் நல்லது" என்று மூன்று வரியில் வரும் கடிதத்தால் பெரிய பலன் இல்லை.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் தாள்களிலேயே நல்ல ஆதாரம் இருக்கும். பிசியோதெரபிஸ்ட் சிகிச்சை முடித்து எழுதிய கடிதம், கன்சல்டன்ட் (மருத்துவமனைச் சிறப்பு மருத்துவர்) ஜிபிக்கு எழுதி உங்களுக்கு நகல் அனுப்பிய கடிதம், நுரையீரல் கிளினிக்கில் ஆறு நிமிட நடைப் பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவு, வலி மருத்துவமனைக் குறிப்பு, அடிக்கடி விழுபவர்களுக்கான கிளினிக்கின் அறிக்கை, வாங்கும் மருந்துகளின் பட்டியல், வீட்டுக்குக் கைப்பிடியோ வாக்கரோ கொடுத்த ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் (அன்றாட வேலைகளைச் செய்ய உதவும் சிகிச்சையாளர்) தாள்.

எம்ஆர்ஐ அறிக்கையைப் பலரும் பிரம்மாஸ்திரமாக நினைக்கிறார்கள். அது எலும்பு எப்படி இருக்கிறது என்று சொல்லும், அந்த எலும்போடு எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று சொல்லாது. துணைக்கு வைக்கலாம்.

அறுபது பக்கத்தை அள்ளி அனுப்பாதீர்கள். ஐந்தாறு தாள் போதும். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, நடப்பதைப் பற்றிச் சொல்லும் வரியை மஞ்சள் பேனாவால் கோடிட்டு, கடிதத்தில் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய தாள் என்றால், நிலைமை இன்னும் அப்படியே அல்லது மோசம் என்பதற்குப் புதிய தாள் ஒன்றாவது சேருங்கள்.

நேரில் மறுபடி அசெஸ்மெண்டுக்குக் கூப்பிடுகிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் முறை தாளை வைத்து மட்டும் மறுத்திருந்தால், நேரில் பார்க்கும்படி நீங்களே கேட்கலாம். பெரும்பாலும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டோ பிசியோதெரபிஸ்டோ பார்ப்பார்.

பார்வை நீங்கள் அறைக்குள் நுழைந்த பிறகுதான் தொடங்கும் என்று எண்ண வேண்டாம். கார் பார்க்கிலிருந்து வருவது, நாற்காலியிலிருந்து எழுவது, பையைக் குனிந்து எடுப்பது எல்லாம் குறிப்பில் ஏறலாம். நடித்துக் காட்டச் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிப்பது அவர்களுடைய தினசரி வேலை. தேவை என்னவென்றால் எப்போதும் நடப்பது போலவே நடப்பது. வழக்கமாகத் தடி பிடிப்பவர் தடியோடு போக வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு வெள்ளைக்கார அதிகாரி முன்னால் தடியை மூலையில் சாத்திவிட்டு நிமிர்ந்து நடக்கும் வழக்கம் உண்டு. அந்த இருபது அடி கௌரவ நடை அறிக்கையில் "துணையின்றி, சீரான நடை" என்று பதிவாகும்.

வலி மாத்திரையை வழக்கம்போலச் சாப்பிடுங்கள். மோசமாகத் தெரிய வேண்டும் என்று நிறுத்துவது உடலுக்கும் கெடுதல், கேட்டால் பதில் சொல்லவும் முடியாது. மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று சொல்லிவிட்டால் போதும். நடக்கச் சொல்லும்போது நிற்க வேண்டிய இடத்தில் நில்லுங்கள். ஏன் நின்றீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று விடாதீர்கள். மறுநாள் உடம்பு எப்படி இருக்கும் என்று அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர், மையத்துக்கு வருவதே சிரமம் என்றால், 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் கீழ் நியாயமான மாற்று ஏற்பாடு கேளுங்கள்: வீட்டுக்கு வருவது, தொலைபேசி, வாசலுக்கு அருகில் உள்ள அறை.

அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. நான் கூட இருந்து பேசலாமா?

கூட இருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கவுன்சிலிடம் கேளுங்கள். ஏற்பாடு செய்து தருகிறார்களா என்று அப்போதே தெரிந்துவிடும். பிள்ளைகள் மொழிபெயர்த்தால் இரண்டு விதத்தில் கெடும். ஒன்று, அப்பா ஒரு வரி சொல்ல மகள் பத்து வரி சொல்வாள், அதிகாரிக்குச் சந்தேகம் வரும். மற்றது அதைவிட அதிகம்: "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டவுடன் "பரவாயில்லை, சமாளிக்கிறேன், கோயிலுக்கெல்லாம் போகிறேன்" என்பார். காரில் வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே நாற்காலி போட்டு உட்கார வைத்ததை அவர் சொல்ல மாட்டார். முதல் நாளே உட்கார்ந்து பேசுங்கள். அப்பா, கோயிலுக்குப் போவதைச் சொன்னால் எப்படிப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று.

பிள்ளைக்கு ஆட்டிசம். நன்றாக ஓடுகிறான் என்று மறுத்துவிட்டார்கள்.

ஓடுவதுதான் பிரச்சினையே. மறைவான பாதிப்புகளில் தூரக் கணக்கு உதவாது, அபாயமும் உளைச்சலும்தான் கணக்கு. நோய்க்கண்டறிதல் கடிதத்தை மட்டும் அனுப்பியிருந்தால் அது போதாது.

கடந்த சில மாதங்களில் வாகனத்துக்கும் போகிற இடத்துக்கும் இடையில் நடந்தவற்றைத் தேதியோடு எழுதுங்கள்: கையை உதறிவிட்டுச் சாலைக்குள் ஓடியது, தரையில் படுத்து இருபது நிமிடம் எழாதது, வழியில் போனவரை அடித்தது. மாதத்தில் எத்தனை பயணம், அதில் எத்தனையில் இப்படி. அடுத்து, சமாளிக்க என்னவெல்லாம் செய்து பார்த்தீர்கள்: கைப்பட்டை, காதுமூடி, இரண்டு பெரியவர்கள் சேர்ந்து போவது, கூட்டம் இல்லாத நேரம் பார்ப்பது. அவை ஏன் போதவில்லை என்பதுதான் மதிப்பீட்டாளர் தேடும் வரி, பெரும்பாலான விண்ணப்பங்களில் அந்த வரி இருப்பதில்லை. பள்ளியின் அபாய மதிப்பீடு, இஎச்சிபி (பிள்ளையின் கல்வி, உடல்நலம், பராமரிப்புக்கான திட்டம்) ஆவணத்தில் சாலைப் பாதுகாப்பு பற்றிய பகுதி, குழந்தை மருத்துவரின் கடிதம் ஆகியவை நல்ல துணை.

முதியோரின் டிமென்ஷியாவுக்கும் இதே முறை.

அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கிறேன். தற்காலிகம் என்று மறுத்தார்கள்.

பாதிப்பு குறைந்தது மூன்று ஆண்டு நீடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கால் முறிந்து பிளாஸ்டர் போட்டவருக்கும், முழங்கால் மாற்றி ஆறு மாதத்தில் தேறிவிடுவார் என்று எதிர்பார்க்கப்படுபவருக்கும் கிடைக்காது. ஆனால் வாதிட இடமுள்ள நிலைகள் உண்டு: அறுவை சிகிச்சைக்குத் தகுதியில்லை என்று கன்சல்டன்ட் சொன்னது, ஒரு மூட்டை மாற்றினாலும் முதுகுப் பிரச்சினை தொடர்வது, சிகிச்சைக்குப் பிறகும் நடை திரும்பாதது. கன்சல்டன்டிடம் "மூன்று ஆண்டுக்குள் நடை கணிசமாக மேம்படுமா" என்ற ஒற்றைக் கேள்விக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்.

மூன்று வருடம் பேட்ஜ் வைத்திருந்தேன். புதுப்பிக்கும்போது மறுத்தது எப்படி?

புதுப்பித்தல் என்று ஒன்று கிடையாது, ஒவ்வொரு முறையும் புது விண்ணப்பம்தான். முன்பு கொடுத்ததால் இப்போதும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் உடல்நிலை மாறவில்லை என்றால், எது மாறியதால் முடிவு மாறியது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பழைய அசெஸ்மெண்ட் அறிக்கையையும் கேட்டு வாங்கி, புதியதோடு பக்கத்தில் வைத்து வேறுபாட்டைச் சுட்டுங்கள். பிஐபி மறுமதிப்பீட்டில் புள்ளி குறைந்ததுதான் காரணம் என்றால், சண்டை போட வேண்டிய இடம் கவுன்சில் அல்ல, பிஐபி.

பிஐபி முடிவை எதிர்த்து வென்றால் பேட்ஜ் தானாக வருமா?

தானாக வராது, ஆனால் வழி திறக்கும். பிஐபிக்கு முதலில் கட்டாய மறுபரிசீலனை, பிறகு தீர்ப்பாயம். இரண்டுக்கும் வழக்கமான காலக்கெடு ஒரு மாதம். நடந்து நகர்தலில் 8 புள்ளி கிடைத்த கடிதம் வந்தவுடன் கவுன்சிலுக்குப் புது விண்ணப்பம் போடுங்கள், மதிப்பீடே தேவைப்படாது. மறுபரிசீலனையில் மறுபடி மறுபடி முட்டுவதைவிட இது பலருக்குச் சுருக்கமான பாதை. ஒரு எச்சரிக்கை: பிஐபியை மறுபடி பார்க்கச் சொன்னால் இருக்கும் புள்ளியும் குறையலாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பில் காட்டிவிட்டு இறங்குங்கள்.

மறுபரிசீலனையிலும் இல்லை என்றால்?

கவுன்சிலின் புகார் நடைமுறைக்குப் போகலாம். பொதுவாக இரண்டு கட்டம். இங்கே "எனக்குத் தகுதி உண்டு" என்பதைவிட "நீங்கள் முடிவெடுத்த முறை தவறு" என்பதே எடுபடும்: இணைப்பு 2ஐப் பார்த்ததாகவே தெரியவில்லை, காரணம் சொல்லவில்லை, மறைவான பாதிப்பை மதிப்பிடவே இல்லை, முதல் முடிவை எடுத்தவரே மறுபரிசீலனையும் செய்தார்.

அதற்கும் பிறகு உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஓம்பட்ஸ்மன், அதாவது கவுன்சில்கள் மீதான புகாரைச் சுதந்திரமாக விசாரிப்பவர். செலவில்லை. பிரச்சினை தெரிந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும், முதலில் கவுன்சிலுக்குப் புகார் கொடுத்திருக்க வேண்டும். ஓம்பட்ஸ்மன் உங்களுக்குப் பேட்ஜ் கொடுக்க மாட்டார், மருத்துவ மதிப்பீட்டில் தலையிடவும் மாட்டார். நடைமுறையில் பிழை கண்டால், மறுபடி சரியாக மதிப்பிடச் சொல்வார். அதனால்தான் தேதி போட்ட மின்னஞ்சல்களைப் பத்திரப்படுத்தச் சொல்கிறோம்.

உயர் நீதிமன்றத்தில் நீதிப் புனராய்வு (முடிவெடுத்த விதம் சட்டப்படி சரியா என்று பார்க்கும் வழக்கு) கடைசி வழி. தாமதமின்றி, எப்படியும் மூன்று மாதத்துக்குள் தொடுக்க வேண்டும், செலவும் உண்டு. வழக்கறிஞரின் முன்னறிவிப்புக் கடிதத்திலேயே கவுன்சில் மறுபடி பார்க்க ஒத்துக்கொள்வதும் உண்டு.

வார்டு கவுன்சிலருக்கோ எம்பிக்கோ எழுதலாம். முடிவை மாற்ற அவர்களுக்கு அதிகாரமில்லை, கிடப்பில் கிடக்கும் கோப்பை நகர்த்த உதவுவார்கள்.

மறுபரிசீலனை கேட்பதா, புதிதாக விண்ணப்பிப்பதா?

இருந்த உடல்நிலையைத் தவறாக மதிப்பிட்டார்கள் என்றால் மறுபரிசீலனை. கடிதத்துக்குப் பிறகு உடல்நிலை மோசமானது, அல்லது புது உதவித்தொகை கிடைத்தது என்றால் புது விண்ணப்பம். அதே தாள்களோடு உடனே புதிதாகப் போட்டால் அதே பதில்தான் வரும், அதற்கு 12 வாரம் வரை காத்திருக்கவும் நேரும்.

அதுவரை அண்ணனின் பேட்ஜைப் பயன்படுத்தலாமா?

கூடாது. பேட்ஜ் ஆளுக்கு உரியது, காருக்கோ குடும்பத்துக்கோ அல்ல. அவர் அந்தப் பயணத்தில் இல்லாமல் பயன்படுத்துவது குற்றம், 1,000 பவுண்ட் வரை அபராதம் விதிக்கலாம். உங்கள் விண்ணப்பத்துக்கும் நல்லதல்ல. லண்டனில் இருப்பவர்கள் டாக்ஸிகார்டு (சலுகை டாக்ஸி), டயல்-எ-ரைடு (வீட்டு வாசலுக்கு வரும் வாகனம்) இரண்டுக்கும் தனியாக விண்ணப்பிக்கலாம். அவற்றின் தகுதி விதிகள் வேறு.

ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து?

திட்டம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் விதிகள் தனித்தனி. ஸ்காட்லாந்தில் மறுபரிசீலனை கேட்கும் உரிமை 2014ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. வட அயர்லாந்தில் கவுன்சில் அல்ல, உள்கட்டமைப்புத் துறை முடிவெடுக்கிறது. அந்தந்த இடத்தின் அரசுத் தளத்தைப் பாருங்கள்.

பணம் கட்டினால் அப்பீல் செய்து தருகிறோம் என்று ஒரு தளம் சொல்கிறது.

மறுபரிசீலனைக்குக் கட்டணம் இல்லை. பேட்ஜுக்கே இங்கிலாந்தில் 10 பவுண்டுக்கு மேல் வாங்க முடியாது, ஸ்காட்லாந்தில் 20, வேல்ஸில் இலவசம். தேடலில் மேலே விளம்பரமாக வரும் தளங்களில் சில இதே படிவத்தை உங்கள் பெயரில் நிரப்பிக் கொடுக்க ஐம்பது, அறுபது என்று கேட்கும், உங்கள் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணையும் வாங்கிக்கொள்ளும். அரசின் தளம், அல்லது உங்கள் கவுன்சிலின் தளம், இவை இரண்டைத் தவிர வேறெங்கும் விவரம் கொடுக்காதீர்கள். படிவம் நிரப்ப ஆள் வேண்டும் என்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஏஜ் யூகே இலவசமாக உதவும். போகும்போது நிராகரித்த கடிதம், அசெஸ்மெண்ட் அறிக்கை, பிஐபி கடிதத்தின் எல்லாப் பக்கங்கள், மூன்றையும் எடுத்துப் போங்கள்.